கெட்டுப்போனால்தான் நல்ல சத்தம்! வீட்டில் செய்த ஃபஸ் பெடலும் புதுச்சேரி வெயிலும்

ஜூன் 21 நெருங்கினால் புதுச்சேரியில் கிட்டார்கள் உறையை விட்டு வெளியே வந்துவிடும். 1982-ல் பிரான்சில் தொடங்கிய 'ஃபெத் து லா மியூசிக்' என்னும் இசைத் திருநாளை, அந்த நாட்டோடு பழைய உறவுள்ள இந்த ஊரும் கொண்டாடுகிறது. வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கலாம், போகிறவர் வருகிறவர் நின்று கேட்கலாம் என்பதுதான் அந்த நாளின் சட்டம்.

அதற்குத் தயாராகும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொட்டை மாடி அறையில் பையன் கிட்டாரைத் தட்டுகிறான். 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் தெருக்கோடி வரை போகிறது.

"என்னடா, ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சா?" என்று கீழேயிருந்து அம்மா கேட்கிறார்.

"இல்லம்மா... இப்பதான் சரியா வேலை செய்யுது!"

ஃபஸ் பெடல் என்ற குட்டிப் பெட்டியின் கதையே இந்த இரண்டு வரியில் இருக்கிறது. நல்ல சத்தத்தைக் கெடுப்பதுதான் அதன் வேலை. அப்படியானால், அந்தப் பெட்டியே ஒருநாள் நிஜமாகக் கெட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது? எது வேண்டிய கோளாறு, எது வேண்டாத கோளாறு? வீட்டிலேயே பெடல் செய்து பார்க்கும் இளைஞர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஃபஸ் என்றால் என்ன?

'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் வரும் கிட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாதிரி தெளிவான ஒலி. அதற்கு நேர் எதிர்த்திசையில் இருப்பது ஃபஸ். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரின் வால்யூமை அளவுக்கு மீறித் திருகிவிட்டால் பாட்டு கரகரக்குமே, அந்தக் கரகரப்பை அளவாக வரவழைத்து, காலால் மிதித்தால் வரவும் மறுபடி மிதித்தால் போகவும் செய்துவிட்டால் அதுதான் ஃபஸ் பெடல்.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். கிட்டார் கம்பியின் அதிர்வு, மேலும் கீழும் வளைந்து செல்லும் மின் அலையாக வருகிறது. டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்கு பெரிதாக்குகிறது. ஆனால், பேட்டரியில் இருப்பது 9 வோல்ட்தான். அலை அதற்கு மேல் வளர இடமில்லை. உயரமான ஆள் தாழ்வான கூரை வீட்டுக்குள் நிமிர்ந்த கதையாக, அலையின் தலையும் காலும் மட்டமாக வெட்டுப்பட்டுவிடுகின்றன. வளைவாக இருந்த அலை கிட்டத்தட்டச் சதுரமாகிறது. அந்தச் சதுரம்தான் நம் காதுக்குக் கரகரப்பு.

ஒரு பழுதில் பிறந்த சத்தம்

இதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1958-ல் லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர், முரட்டுச் சத்தம் வேண்டும் என்பதற்காகத் தன் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964-ல் லண்டனில் 'த கிங்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கரைக் கிழித்தார். இரண்டு பேருமே வேண்டுமென்றே கெடுத்தவர்கள்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் தானாகவே ஒன்று கெட்டுப்போனது. 1960-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற கன்ட்ரி பாடகரின் 'டோன்ட் வொர்ரி' பாட்டுக்கு ஒலிப்பதிவு. கிரேடி மார்ட்டின் என்ற கலைஞர் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிட்டார், ஒலிக்கலவை மேசையில் பழுதான ஒரு டிரான்ஸ்பார்மர் வழியாகப் போனதில் 'ப்பர்ர்' என்று பதிவானது. அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாமா என்ற யோசனையைத் தாண்டி, அப்படியே வைத்தார்கள். 1961-ல் அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அதன் பிறகுதான் வேடிக்கை. மற்ற கலைஞர்களும் 'அந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும்' என்று கேட்டு வந்தபோது, பழுதான பகுதி முழுவதுமாகச் செத்துவிட்டிருந்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி என்ன செய்வார்? நண்பரோடு உட்கார்ந்து, அந்தக் கோளாறை டிரான்சிஸ்டர்களால் செயற்கையாக உண்டாக்கும் சர்க்யூட்டைச் செய்தார். கிப்ஸன் நிறுவனம் அதை வாங்கி, 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஆரம்பத்தில் பெரிதாகப் போகவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகுதான் கடைகளில் காலியானது. அவரும்கூட அந்த இடத்தில் பின்னால் டிரம்பெட், சாக்ஸபோன் சேர்த்துக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக வாசித்துவைத்ததுதான் என்பது இன்னொரு வேடிக்கை.

1966-ல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் 'ஃபஸ் ஃபேஸ்' பெடலைக் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு மாதிரி வட்டமான பெட்டி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் இருந்ததால் உலகப் புகழ். வீட்டில் பெடல் செய்யத் தொடங்குகிறவர்களில் பலர் இன்றும் இந்த சர்க்யூட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். காரணம், மொத்தமே 11 உதிரிப் பாகங்கள். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், திருகுவதற்கு இரண்டு கண்ட்ரோல். அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-ல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தயாரிப்பைத் தொடங்கியது. அங்கே தயாரான 'ஏ.சி.128' ரகம், நம் தாத்தாக்கள் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்ட காலத்து ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டிய ரகம். இன்று உலகம் முழுக்க ஃபஸ் செய்கிறவர்கள் தேடும் ரகங்களில் அதுவும் ஒன்று. எம்.ஜி. ரோட்டு சண்டே மார்க்கெட்டில் பழைய ரேடியோ ஏதாவது கண்ணில் பட்டால், குப்பை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1970, 71-ல் சிம்லா சிகரெட் பிராண்ட் நடத்திய 'சிம்லா பீட்' போட்டியின் இசைத்தட்டுகளைக் கேட்டால், அப்போதே நம் ஊர்ப் பையன்கள் கிட்டாரை எப்படிக் கரகரக்க விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

செய்து முடித்தாயிற்று... சத்தம் வரவில்லை!

ரெடிமேட் வெளிநாட்டு பெடல் வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும். 'பி.சி.547' மாதிரி சிலிக்கான் டிரான்சிஸ்டர் சில ரூபாய்க்கே கிடைக்கிறது. அதனால்தான் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கிறார்கள். ஆனால், முதல் முறை செய்யும் பெடல் முதல் மிதியிலேயே பாடிவிடுவது அபூர்வம். பெரும்பாலும் மயான அமைதிதான். உடனே டிரான்சிஸ்டரைக் குறை சொல்லி, பிடுங்கி வேறு வைப்பார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. புது டிரான்சிஸ்டர் தானாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. தப்பு நடப்பது பெரும்பாலும் நம் கையில்.

முதலில், காலால் மிதிக்கும் சுவிட்சை மறந்துவிடுங்கள். ஒன்பது கால் உள்ள அந்த சுவிட்சில் ஒரு வயர் மாறினாலும் மொத்தமும் ஊமை. தவிர, அதிக நேரம் சூடு காட்டினால் உள்ளே பிளாஸ்டிக் உருகி சுவிட்சே செத்துவிடும். கிட்டார் ஜாக்கிலிருந்து நேராக போர்டுக்கும், போர்டிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயர் ஜாக்குக்கும் வயர் கொடுங்கள். அப்படிச் சத்தம் வந்தால் போர்டு நல்லது, பழுது சுவிட்ச் வயரிங்கில்தான் என்று பாதி வேலை முடிந்துவிடும்.

வரவில்லையா? மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியை அளக்கவும். சிரிக்க வேண்டாம், புது பேட்டரி என்று வாங்கியது கடையில் இரண்டு வருடம் தூங்கியதாக இருக்கலாம். அடுத்து, கிட்டார் கேபிள் செருகும் ஜாக். பெடல்களில் உள்ளே வரும் பக்கம் ஸ்டீரியோ ஜாக் போடுவது வழக்கம். கிட்டார் என்னவோ மோனோதானே, எதற்கு ஸ்டீரியோ என்று தோன்றும். பேட்டரியின் கறுப்பு வயரை அந்தக் கூடுதல் காலில் இணைத்திருப்பார்கள். மோனோ கேபிளைச் செருகும்போது அந்தக் காலும் எர்த்தும் சேர்ந்துகொள்ள, பெடலுக்கு கரன்ட் வரும். அதாவது, கேபிள்தான் சுவிட்ச். தெரியாமல் மோனோ ஜாக் போட்டவர்கள், பேட்டரி தானாகத் தீர்ந்துபோகிறதே என்று புலம்புவார்கள், அல்லது கரன்டே வரவில்லை என்பார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் செல்போன் கேமராவைத் திறந்து, போர்டின் சால்டர் பக்கத்தை நெருக்கமாகப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கவும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு தப்புகள் படத்தில் தெரியும். ஒன்று, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஈயம் பாலம் போட்டு இணைத்திருப்பது. இன்னொன்று டிரை சால்டர். நல்ல பற்று பளபளப்பாகக் காலைச் சுற்றி மலை அடிவாரம் போலச் சரிந்திருக்கும். டிரை சால்டர் மங்கலாக, முத்து மாதிரி உருண்டு உட்கார்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால், பெடல் ஓடும்போது தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பாகமாக மெல்லத் தட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் தட்டினால் சத்தம் வெட்டுகிறதோ, அங்கே மறுபடி சூடு காட்ட வேண்டும்.

காதால் தேடலாம்

பழுது பார்ப்பதில் மிகவும் சுவாரஸ்யமான கருவி ஒன்று இருக்கிறது. கடையில் வாங்க வேண்டாம், ஒரு பழைய கிட்டார் கேபிள் போதும். ஒரு பக்க முனையை வெட்டி, உள்ளே இருக்கும் மைய வயரின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரைப் பற்றவைக்கவும். சுற்றியிருக்கும் வலை வயரில் ஒரு முதலை கிளிப். மறுமுனை ஆம்ப்ளிஃபயருக்கு. வால்யூமைக் குறைத்தே வைக்கவும். கிளிப்பை பெடலின் எர்த்தில் மாட்டிவிட்டு, கண்டன்சரின் நுனியால் சர்க்யூட்டை ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போகலாம். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரிதான். கண்டன்சர் ஏன்? பேட்டரியின் நேர் மின்சாரத்தை அது தடுத்து, ஒலியை மட்டும் விடும்.

கிட்டாரை யாராவது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பியோ தங்கையோ கிடைக்காவிட்டால், செல்போனின் ஹெட்போன் வழியாக ஏதாவது பாட்டை மெல்லிய சத்தத்தில் பெடலுக்குள் அனுப்பலாம். ஜாக்கில் தொட்டால் கேட்கிறதா? கேட்கும். முதல் கண்டன்சருக்குப் பின்னால்? முதல் டிரான்சிஸ்டரின் பேஸில்? கலெக்டரில்? கலெக்டரில் சத்தம் கூட வேண்டும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் கரகரப்போடு அலற வேண்டும். எந்தப் புள்ளி வரை கேட்டு, எந்தப் புள்ளியில் நின்றுபோகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழுது. பெரும்பாலான பழுது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வித்தை பேட்டரி சர்க்யூட்டுக்கு மட்டும்தான். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து அதற்குள் கை வைக்கக் கூடாது.

மீட்டர் சொல்லும் நான்கு எண்கள்

சிலிக்கான் டிரான்சிஸ்டரில் செய்த ஃபஸ் ஃபேஸ் என்றால் அளக்க வேண்டியவை நான்கே இடங்கள். மீட்டரின் கறுப்பு முனை எர்த்தில். முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் சுமார் 0.6 வோல்ட். அதன் கலெக்டரில் 1.2-லிருந்து 1.4. இரண்டாவதன் எமிட்டரில் 0.7 பக்கம். இரண்டாவதன் கலெக்டரில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே பேட்டரியில் பாதி, அதாவது 4.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். அலை மேலே போகவும் கீழே வரவும் சம இடம் வேண்டுமல்லவா?

அங்கே 9 வோல்ட் காட்டினால், இரண்டாவது டிரான்சிஸ்டர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். எமிட்டரிலிருந்து எர்த்துக்குப் போகும் வழியில், ஃபஸ் கண்ட்ரோலின் வயர் எங்கோ விட்டிருக்கலாம். 1 வோல்ட்டுக்கும் கீழே என்றால், அது முழுவதும் திறந்து கிடக்கிறது. 3 வோல்ட் பக்கம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஜெர்மானியத்துக்காக எழுதிய பழைய வரைபடத்தைப் பார்த்து 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை அப்படியே போட்டிருப்பீர்கள். சிலிக்கானுக்கு அது கொஞ்சம் அதிகம். அதற்குப் பதில் 10 கிலோ ஓம் பிரீசெட் வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருகி, 4.5 வந்ததும் நிறுத்துங்கள். திருகும்போதே கிட்டாரைத் தட்டிக் கேட்டால், ஒரு இடத்தில் ஒலி முறுமுறுத்து அறுந்து அறுந்து வரும், இன்னொரு இடத்தில் நீளமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அறுந்து வருவதையே விரும்பி வாசிப்பவர்களும் உண்டு. வேண்டிய கோளாறா, வேண்டாத கோளாறா என்பதை இங்கே மீட்டர் சொல்லாது.

எண்களே குழப்பமாக வந்தால் டிரான்சிஸ்டரின் கால்களைப் பாருங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பி.சி.547-ல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அச்சு அசலாக அதே உருவத்தில் இருக்கும் 2என்3904-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே செருகினால் முழுவதும் ஊமையாகாது. சோகையாக, உயிரில்லாமல் சத்தம் வரும். அதனால்தான் இந்தத் தப்பு பல நாள் பிடிபடாமல் இருக்கும். அதேபோல, 22 மைக்ரோஃபாரட் கண்டன்சரின் கால் விட்டிருந்தால் ஃபஸ் கண்ட்ரோலை எவ்வளவு திருகினாலும் ஒரு மாற்றமும் இருக்காது.

காலையில் பாடியது, மதியம் ஏன் படுத்தது?

பழைய ஏ.சி.128 கிடைத்து, அதில் பெடல் செய்தவர்களுக்கு இந்த ஊரில் ஒரு தனிப் பிரச்னை உண்டு. காலை ஏழு மணிக்கு அருமையாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்குத் தொண்டை கட்டிவிடும். ராத்திரி மறுபடி சரியாகிவிடும். பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

அது பேய் இல்லை, வெயில். மூடியிருக்கும்போதும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொஞ்சம் கரன்ட்டைக் கசியவிடும், வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி. வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் அந்தக் கசிவு இரண்டு மடங்காகும். ஃபஸ் ஃபேஸ் பிறந்த லண்டனில் வசதியாக இருந்த சர்க்யூட், ஜூன் மாத மதியம் 38 டிகிரியில், தகரக் கூரைக்குக் கீழே, கறுப்பு பெயின்ட் அடித்த பெட்டிக்குள் என்ன பாடுபடும்? கசிவு ஏற ஏற, 4.5-ல் நின்ற எண் நகர்ந்துவிடுகிறது.

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்யலாம். மீட்டரை இரண்டாவது கலெக்டரில் வைத்துவிட்டு, முதல் டிரான்சிஸ்டரின் உடம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் சூட்டுக்கே எண் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். விட்டுவிட்டால் மெல்லத் திரும்பும்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டரைச் செருகி அளக்கும் ஓட்டை, கசிவையும் சேர்த்து 'பெருக்கும் திறன்' என்று காட்டிவிடும். 150 என்று காட்டியதை நம்பி வாங்கினால், அதில் பாதி கசிவாக இருக்கலாம். முதல் இடத்துக்கு 70-80, இரண்டாவதுக்கு 110-130 என்பது ஃபஸ் செய்கிறவர்கள் வழக்கமாகத் தேடும் அளவு, அதுவும் கசிவைக் கழித்த பிறகு. ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வாங்கி அதிர்ஷ்டத்தை நம்புவதைவிட, நாலைந்து வாங்கிப் பொறுக்குவது உத்தமம். பிரீசெட்டுக்குப் பதில் வெளியே ஒரு திருகும் குமிழ் வைத்து, வெயிலுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். திறந்தவெளியில் பகலில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், பேசாமல் சிலிக்கான் போட்டுவிடுவது நல்லது. 1960-களின் கடைசியில் ஃபஸ் ஃபேஸே சிலிக்கானுக்கு மாறியதுதான்.

கடல் காற்றும் தன் பங்குக்கு வேலை காட்டும். பேட்டரி கிளிப்பில் பச்சை பூக்கும், ஜாக்கின் உள்தகடு கறுக்கும். பெடல் 'கரகர' என்பது ஃபஸ், 'டப் டப்' என்று வெட்டுவது அழுக்கு ஜாக். கான்டாக்ட் கிளீனர் அடித்து கேபிளை நாலு முறை செருகி எடுத்தால் போதும். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப்போடாமல் பெடல் பைக்குள் போட்டுவையுங்கள். பல வருடம் டப்பாவில் கிடந்த உதிரிப் பாகங்களின் கால்களை பிளேடால் லேசாகச் சுரண்டிவிட்டுப் பற்றவைத்தால்தான் ஈயம் பிடிக்கும்.

'உம்ம்ம்' என்று ஒரு ஓசை

ஃபஸ் வேலை செய்கிறது, கூடவே ஒரு 'உம்ம்ம்' விடாமல் கேட்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. அடாப்டருக்குள் புகுந்து வரும்போது அதன் இரட்டை, அதாவது 100. கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தைப் பிடித்தால் வரும் 'ஜி' ஸ்வரம் 98. ஆக, கேட்காமலே ஒருவர் தம்புராவில் ஏறத்தாழ 'ஜி' மீட்டிக்கொண்டிருக்கிறார்!

எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பது சுலபம். கிட்டாரின் வால்யூமை மொத்தமாகக் குறையுங்கள். ஓசை நின்றால், கிட்டாரின் பிக்கப் பிடித்துத் தருகிறது. டியூப் லைட், சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தால் குறையும். நிற்கவில்லை என்றால் அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போது நின்றால் குற்றவாளி அடாப்டர். இரண்டிலும் நிற்கவில்லை என்றால், பெட்டி எர்த்தோடு சேரவில்லை. உலோகப் பெட்டிதான் வெளி இரைச்சலைத் தடுக்கும் சுவர். பிளாஸ்டிக் டப்பாவில் பெடல் செய்தவருக்கு இரைச்சலோடு சில சமயம் ரேடியோவில் யாரோ பேசுவதும் கேட்கும். எவர்சில்வர் டிபன் பாக்ஸ்கூட நன்றாக உழைக்கும், துளை போடுவதற்குள் கை வலிக்கும் என்பதைத் தவிர.

அடாப்டர் வாங்கும்போது முனையில் கவனம் வேண்டும். பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு நடுவில் மைனஸ், சுற்றி பிளஸ். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது அதற்கு நேர் மாறு. மாற்றிச் செருகினால் டிரான்சிஸ்டரும் கண்டன்சரும் போய்விடும். ஒரே ஒரு 1என்4001 டையோடு போட்டுவைத்தால் காப்பாற்றும். ஏ.சி.128 பி.என்.பி. ரகம் என்பதால் அந்த பெடலில் பிளஸ்தான் எர்த். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் நேராக ஷார்ட். அதற்குத் தனி பேட்டரி என்று ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

உயிர் போகும் இடம்

'உம்ம்ம்' ஓசையை நிறுத்த ஊரில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில், மேலே இருக்கும் தடித்த எர்த் பின்னைக் கழற்றிவிடு, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டர் போடு என்று. பல நேரம் ஓசை நின்றும்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

9 வோல்ட் பெடல் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால், கேபிள் வழியாக அந்த பெடலும், கிட்டாரின் கம்பிகளும், கம்பியைத் தொடும் உங்கள் விரலும் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்போடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயருக்குள் 230 வோல்ட் வயர் ஒன்று அந்த உடம்பைத் தொட்டுவிட்டால், எர்த் இருந்தால் கரன்ட் அந்த வழியாகப் பாய்ந்து ஃபியூஸைப் போக்கிவிடும். எர்த் இல்லாவிட்டால், கம்பி வரை வந்து காத்திருக்கும். வேறு எர்த்தோடு இருக்கும் மைக்கில் உதடு படும்போது, வழி நம் உடம்புதான். 1972 மே 3-ம் தேதி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் மேடையேறிய 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது ரசிகர்கள் கண்ணெதிரே மின்சாரம் தாக்கி இறந்தார்.

தெருவோரத்தில், யார் வீட்டிலிருந்தோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வாசிக்கும் நாட்களில் இது இன்னும் முக்கியம். ஆம்ப்ளிஃபயர், மைக் மிக்சர் எல்லாமே ஒரே பாக்ஸிலிருந்து, மூன்று பின்னோடு, ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு உள்ள லைனில் இருக்கட்டும். மழைத் தூறல் விழுந்தால் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். கம்பியைத் தொட்டால் லேசாக 'சுர்' என்றால்கூட, வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் வேலை அது.

எல்லாம் சரி செய்த பிறகும்...

பெட்டிக்குள் போட்டு மூடிய பிறகும் சிலருக்கு ஒரு புகார் இருக்கும். 'வீட்டில் நன்றாக இருந்தது, நண்பனின் பெடல்களோடு சேர்த்ததும் மெலிந்துவிட்டது' என்று. அது பழுதே இல்லை. ஃபஸ் ஃபேஸ் கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகக் கை கோத்துக்கொள்ளும் சர்க்யூட். நடுவில் வேறு பெடல் வந்தால் குணம் மாறிவிடும். அதனால் வரிசையில் கிட்டாருக்கு அடுத்து முதல் ஆளாக ஃபஸ்ஸை வையுங்கள். சரியாக இருந்தால் ஒரு அடையாளம் உண்டு. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்ததும் கரகரப்பு கரைந்து, தெளிந்த ஒலி வெளியே வரும். மறுபடி ஏற்றினால் மறுபடி 'கர்ர்ர்'.

வாசித்து முடித்ததும் பெடலின் கிட்டார் பக்கத்து கேபிளை மறக்காமல் பிடுங்கி வையுங்கள். ஜாக்தான் சுவிட்ச். செருகியபடியே விட்டுத் தூங்கினால், இரவு முழுக்க பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.